குடியை விட்டோர் கூடும் இடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கார்த்திகை பிறந்ததும் நம் ஊர்களில் ஒரு மாற்றத்தைக் காணலாம். ஆண்டு முழுவதும் பொழுது சாய்ந்தால் தள்ளாடி வீடு திரும்பும் சிலர், கழுத்தில் துளசி மாலை அணிந்து, கறுப்பு வேட்டி உடுத்தி, விடியற்காலையில் குளிர்ந்த நீரில் குளித்து, சரணம் சொல்லியபடி வலம் வருவார்கள். ஒரு மண்டலம் ஒரு சொட்டு மதுவைத் தொடமாட்டார்கள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய சில நாட்களிலேயே பழைய கடை, பழைய கூட்டாளிகள், பழைய தள்ளாட்டம்! "மாலை போட்டால் இருக்க முடிகிறதே, மற்ற நாளில் ஏன் முடியாது? எல்லாம் திமிர்" என்று வீட்டுப் பெண்கள் நொந்து கொள்வார்கள்.

இந்தக் கேள்வியைச் சற்று நின்று சிந்தித்துப் பார்க்க வேண்டும். மாலை போட்டவர் தனியாக இருப்பதில்லை. வழிகாட்ட ஒரு குருசாமி இருக்கிறார். உடன் விரதம் இருப்போர் பத்துப்பேர் இருக்கிறார்கள். கடை அழைக்கும் அதே அந்தி நேரத்தில் பஜனை இருக்கிறது. நேற்றுவரை முகம் சுளித்தவர்களெல்லாம் "சாமி" என்று மரியாதையோடு கூப்பிடுகிறார்கள். பழைய கூட்டாளியும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. மாலை கழலும்போது இவை அனைத்தும் உடன் கழன்றுவிடுகின்றன. மிஞ்சுவது தனி மனிதனும் அவனது மன உறுதியும் மட்டுமே. அந்த மன உறுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு குடிநோயை நெடுநாள் எதிர்த்து நிற்பவர்கள் மிகச் சிலரே.

குடி, கூட்டத்தில் பழகுகிறது. அதை விடுவதற்கும் ஒரு கூட்டம் வேண்டும். அத்தகைய கூட்டங்கள் நம் நாட்டில் உண்டு. நம் சென்னையிலும் உண்டு. அவை யாவை, எப்படிப் பிறந்தன, எப்படித் தேடிச் செல்வது, உள்ளே என்ன நடக்கிறது என்பவற்றை நான் படித்தும் கேட்டும் அறிந்த அளவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர்

என் ஊர் வானகரம். பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மேல் அமைந்தது. மீன் சந்தையும் கிடங்குகளும் லாரிகளும் நிறைந்தது. வடக்கே சென்றால் 1964-இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர் தொழிற்பேட்டை. கிழக்கே சென்றால் 1996 முதல் கோயம்பேட்டில் இயங்கிவரும் பெருஞ்சந்தை. ஆகவே எங்கள் பகுதியில் மூட்டை தூக்குவோர், வண்டி ஓட்டுவோர், இரவுப் பணிக்குச் செல்வோர் மிகுதி. "உடம்பு வலிக்குக் கொஞ்சம்" என்றுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். முடிவு எங்கே என்பதை அவர்கள் வீட்டு அடகுச் சீட்டுகள் சொல்லும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டுக்கும் இந்நோய் புதிதன்று. நோயுற்றவர் எனக்கு என்ன உறவு என்பதை எழுதப் போவதில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் கூறுவேன். அவருக்குத் துணையாகச் சென்று ஒரு கூட்டத்தில் அமர்ந்தபோதுதான் இப்படி ஓர் இடம் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அத்தனை ஆண்டுகளும் அது இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. தெரியாமல் இருக்கும் வீடுகள் எத்தனையோ!

இந்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் தீங்கு நேர்ந்து, உதவி தேவைப்படுகிறது. ஆனால் குடிக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். மற்ற 37 பேரும் எங்கே? நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

குடி ஒரு நோயா?

"காய்ச்சல் வந்தால் நோய் எனலாம். தானே காசு கொடுத்து வாங்கிக் குடிப்பது எப்படி நோயாகும்?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இலேயே குடிநோயை மருத்துவம் செய்யத்தக்க நோயாக ஏற்றது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், மது மற்றும் போதைப் பொருள்களால் உண்டாகும் மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்துள்ளது.

இதன் காரணத்தை ஒரு வேதியியல் மாணவன் சொல்லக்கூடிய முறையில் சொல்கிறேன். மதுவில் இருப்பது எத்தில் ஆல்கஹால். இது மூளையின் வேகத்தைத் தணிக்கும் வேதிப்பொருளுக்குத் துணை செய்து, வேகத்தைக் கூட்டும் வேதிப்பொருளைத் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் இவ்வாறு நடந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொண்டு ஈடுசெய்கிறது. ஓட்டுநர் பிரேக்கை ஓயாமல் மிதித்துக் கொண்டிருக்க, வண்டி நிற்காமலிருக்க மற்றொரு காலால் ஆக்சிலேட்டரையும் அழுத்துவது போன்றது இது. இப்போது பிரேக்கிலிருந்து மட்டும் திடீரெனக் காலை எடுத்தால் என்ன ஆகும்? வண்டி பாயும்.

உடலிலும் அதுவே நிகழ்கிறது. குடியை நிறுத்திய ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் இல்லாதது கண்ணில் தெரிவது, ஆளும் இடமும் புரியாமல் பிதற்றுவது போன்ற சன்னி நிலை சிலருக்கு உண்டாகும். இது உயிரையும் பறிக்கவல்லது. காலையில் கைநடுக்கம் நிற்பதற்காகவே ஒருவர் குடிக்கிறார் என்றால், அவர் இன்பத்துக்காகக் குடிக்கவில்லை என்பது தெளிவு. அவர் திமிர் பிடித்தவரல்லர், நோயாளி.

முதலில் மருத்துவர், பிறகு கூட்டம்

ஆகவே ஒரு செய்தியை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், வீட்டில் பூட்டிவைக்கப்பட்டோ ஒரு வீறாப்பிலோ ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டன. குடியை நிறுத்த நேர்ந்தவர்கள் வலிப்போடும் பிதற்றலோடும் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். மது கிடைக்காமல் வார்னிஷ் போன்றவற்றைக் குடித்து மாண்டோரும் நம் மாநிலத்தில் உண்டு.

மருத்துவமனையில் சில நாட்கள் வைத்திருந்து, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளும், குடியால் உடலில் வற்றிப்போன தயமின் என்னும் வைட்டமின் பி1-உம் கொடுப்பார்கள். இதற்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 1794-இல் தொடங்கிய மரபுடையது அந்நிறுவனம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. எங்கள் வானகரத்தார் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேர்கிழக்காகச் சென்றாலே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிடும். நகருக்குள் அதே சாலைக்குப் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர். சாலை ஒன்றுதான், தூரமும் பெரிதன்று. இடையில் கிடப்பது வெட்கம் என்னும் தூரம்.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். மின்கம்பங்களிலும் பேருந்துகளிலும் "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று விளம்பரம் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குடிநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் டைசல்பிரம் என்பது ஒன்று. மது கல்லீரலில் முதலில் அசெட்டால்டிஹைடாகவும், பிறகு அசெட்டிக் அமிலமாகவும் மாறுகிறது. இந்த இரண்டாம் மாற்றத்தை அம்மருந்து தடுத்துவிடும். மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் அசெட்டால்டிஹைடு தேங்கி, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் வீழும். உயிருக்கே கேடு நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில், உண்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் கலந்து கொடுப்பது மருத்துவம் ஆகாது. இரண்டாவது எச்சரிக்கை, அடித்துத் திருத்துவதாகச் சொல்லும் இல்லங்களைப் பற்றியது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய சிகிச்சை நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு உண்டா என்று கேட்பது நம் உரிமை.

கோயிலிலும் தேவாலயத்திலும் கயிறு கட்டிக்கொண்டு சத்தியம் செய்வோரும் உண்டு. அது மனத்துக்கு வலிமை தருமாயின் தரட்டும். ஆனால் வலிப்பைத் தடுக்க மாத்திரைதான் வேண்டும். கயிறு கட்டியவரும் மருத்துவரைப் பார்க்கலாம். அதனால் சத்தியம் கெட்டுப்போகாது.

மருத்துவமனை உடலிலிருந்து மதுவை வெளியேற்றிவிடும். பத்து நாளில் ஆள் தெளிந்து, முகம் மலர்ந்து வீடு வருவார். கதை இங்கேயே முடிந்ததென்று வீட்டார் எண்ணுவார்கள். உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. அதே தெரு, அதே சம்பள நாள், அதே கூட்டாளிகள். இனிமேல்தான் கூட்டம் தேவைப்படுகிறது.

கூட்டம் பிறந்த கதை

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பில் வில்சன் என்றொரு பங்குச்சந்தைத் தரகர் இருந்தார். குடியால் தொழிலும் பெயரும் இழந்து, பலமுறை மருத்துவமனை சென்று, ஒருவாறு குடியை நிறுத்தியிருந்தார். 1935-ஆம் ஆண்டு மே மாதம் தொழில் நிமித்தமாக ஆக்ரன் என்னும் ஊருக்குச் சென்றார். சென்ற காரியம் தோற்றது. அந்நிய ஊர், விடுதியில் தனிமை, அருகிலேயே மதுக்கூடம். குடித்துவிடுவோமோ என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. அப்போது அவருக்குத் தோன்றியது என்ன தெரியுமா? அறிவுரை கூறுவோரைத் தேட வேண்டும் என்றல்ல. தன்னைப் போலவே குடியால் அல்லலுறும் இன்னொருவரைத் தேட வேண்டும் என்று! தொலைபேசியில் பலரையும் கேட்டு, இறுதியில் அவ்வூரைச் சேர்ந்த டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள்.

டாக்டர் பாப்புக்கு அறிவுரை கூறியவர்கள் அதற்குமுன் ஏராளம். மருத்துவர் என்ற முறையில் குடியின் தீமை அவருக்குத் தெரியாததன்று. ஆனால் தன்னைப் போலவே வீழ்ந்த ஒருவர் தன் கதையைச் சொல்லிக் கேட்டது அதுவே முதன்முறை. அவர் இறுதியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அந்நாளையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். 'பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்' என்று இதற்குப் பொருள் கொள்ளலாம், சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1939-இல் இவ்வியக்கத்தின் நூல் வெளிவந்தது. 'பன்னிரண்டு படிகள்' என்ற நெறிமுறை அதில்தான் வகுக்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் இக்கூட்டங்கள் நடைபெறுகின்றன. இந்தியாவுக்கு 1957-இல் வந்து மும்பையில் வேரூன்றி, பிற நகரங்களுக்குப் பரவியது.

நம் சென்னையின் வரலாற்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1979-இல் டி.டி. ரங்கநாதன் என்பவர் குடிநோயால் இளம் வயதில் காலமானார். புகழ்பெற்ற டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். செல்வமோ கல்வியோ அவரைக் காக்கவில்லை. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அத்துயரத்தை வீட்டுக்குள் மூடி வைக்காமல், அமெரிக்கா சென்று பயிற்சி பெற்று, 1980-இல் கணவர் பெயரால் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதனுடையதே. சிகிச்சையோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருவது அதன் சிறப்பு. 1989 முதல் மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களில் முகாம் அமைத்து, கிராமத்தாருக்கு அவர்கள் ஊரிலேயே சிகிச்சை அளித்தது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பெரிய வீட்டுக்கும் இந்நோய் வரும். சிறிய ஊருக்கும் சிகிச்சை வரும் என்ற இரண்டையும் இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

தேடிச் செல்வது எப்படி?

எந்தக் கிழமை, எந்த இடம், எத்தனை மணி என்ற பட்டியலை இங்கே எழுதினால் இம்மலர் உங்கள் கைக்கு வருமுன் அது மாறியிருக்கக்கூடும். எனவே வழியை மட்டும் கூறுகிறேன்.

முதல் வழி, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உள்ள ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ கேட்பது. உங்கள் வீட்டுக்கு அருகில் எங்கே கூட்டம் நடக்கிறது என்பதை அவர்களால் கேட்டறிந்து சொல்ல முடியும். இரண்டாம் வழி, தொலைபேசி. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு 2022 முதல் இயங்கும் 'டெலிமானஸ்' எண் 14416. இதில் தமிழிலேயே பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பெயர் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்லாமலே கேட்கலாம். மூன்றாம் வழி, ஏ.ஏ. இயக்கத்தின் சென்னை உறுப்பினர்களோடு நேரே பேசுவது. புதியவர் கூப்பிட்டால் பழைய உறுப்பினர் ஒருவர் வந்து உடன் அழைத்துச் செல்லும் வழக்கமும் உண்டு.

கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில், ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். இடம் பெரும்பாலும் ஒரு பள்ளி அறையாகவோ தேவாலயத்தை ஒட்டிய கூடமாகவோ இருக்கும். வாடகை குறைவு என்பதே இதன் காரணம். மதம் மாற்றும் வேலை எதுவும் அங்கில்லை. கூட்டங்கள் இரு வகை. ஒன்று திறந்த கூட்டம்; இதற்குக் குடும்பத்தார், மாணவர், மருத்துவர் எவரும் வரலாம். மற்றொன்று குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டம். துணைக்குச் செல்வோர் எந்த வகை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ளே நடப்பது என்ன?

நான் அமர்ந்திருந்தது ஒரு திறந்த கூட்டம். அங்கே கேட்ட கதைகளை இங்கே எழுதமாட்டேன். அங்கே காண்பதும் கேட்பதும் அங்கேயே தங்க வேண்டும் என்பது அவர்களுடைய நெறி. ஆனால் கூட்டத்தின் முறையைச் சொல்வதில் தவறில்லை.

பெஞ்சுகளும் நாற்காலிகளும் போட்டிருக்கும். தேநீர் கொடுப்பார்கள். பெயர்ப் பதிவேடு இல்லை, கையெழுத்து இல்லை, ஆதார் அட்டை கேட்பார் இல்லை. ஒருவர் தலைமை ஏற்று ஒரு சிறு பிரார்த்தனையோடு தொடங்குவார். இயக்கத்தின் நூலிலிருந்து சில வரிகள் படிக்கப்படும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, தன் முதற்பெயரை மட்டும் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று கூறி, தன் கதையைச் சொல்வார். முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்ற மூன்றே பகுதிகள். எவரும் குறுக்கிடமாட்டார்கள். எவரும் அறிவுரை கூறமாட்டார்கள். பேச விருப்பமில்லையென்றால் கேட்டுக் கொண்டிருந்தாலே போதும்.

பத்தாண்டு குடிக்காமல் இருப்பவரும், பத்து நாளாகக் குடிக்காதவரும், அன்று காலைவரை குடித்தவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பார்கள். குடிக்காமல் ஓராண்டு நிறைந்தவருக்குப் பிறந்த நாள் போலக் கொண்டாட்டம் உண்டு, எல்லோரும் கைதட்டுவார்கள். ஊரார் ஏளனத்தையே கேட்டுப் பழகிய ஒருவரின் காதில் அந்தக் கைதட்டல் எப்படி ஒலிக்கும் என்பதை அவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

"இனி வாழ்நாளில் குடிக்கமாட்டேன்" என்று அங்கே எவரும் சத்தியம் செய்வதில்லை. "இன்று ஒரு நாள் குடிக்கவில்லை" என்பதே அவர்கள் கணக்கு. நாளை மறுபடியும் ஒரு நாள். வாழ்நாள் முழுவதும் என்றால் மலைப்பாக இருக்கிறது. ஒரு நாள் என்றால் முடிகிறது. புதியவர் தொடக்கத்தில் 90 நாட்களில் 90 கூட்டங்களுக்குச் செல்வது நல்லது என்று பழையவர்கள் சொல்வார்கள். அது கட்டாயமன்று. குடிக்கத் தோன்றும் நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட ஒரு மூத்த உறுப்பினரைத் துணையாகக் கொள்வதும் உண்டு. 'ஸ்பான்சர்' என்று அவரை அழைக்கிறார்கள். நம் குருசாமியைப் போன்றவர் என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

சில ஐயங்கள்

கட்டணம் எவ்வளவு? ஒரு காசும் இல்லை. கூட்ட முடிவில் வாடகைக்கும் தேநீருக்கும் விரும்பும் உறுப்பினர்கள் சில்லறை போடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது இயக்கத்தின் கொள்கை. உறுப்பினராவதற்கு வேண்டிய ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் போகலாமா? பகுத்தறிவு பேசப்பட்ட மண்ணில் இக்கேள்வி எழுவது இயல்பே. பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. அவரவர் புரிந்துகொண்ட வகையில் கொள்ளலாம் என்பது அதனோடு சேர்ந்த விளக்கம். தன்னைவிடப் பெரிய ஆற்றல் என்பதற்கு அந்தக் கூட்டத்தையே பொருளாகக் கொண்டு, நாத்திகராகவே இருந்து குடியை விட்டோரும் உண்டு.

பெண்கள் போகலாமா? தாராளமாகப் போகலாம். மேற்சொன்ன 2019 ஆய்வின்படி ஆண்களில் 27.3 விழுக்காட்டினரும் பெண்களில் 1.6 விழுக்காட்டினரும் மது அருந்துகின்றனர். எண்ணிக்கை குறைவு, ஆனால் அவர்கள் சுமக்கும் பழி அதிகம். எனவே மறைவும் அதிகம்.

வெளியே தெரிந்துவிடாதா? பெயர் வெளியிடாமை இவ்வியக்கத்தின் உயிர்நாடி. வேலை செய்யும் இடத்திலோ சம்பந்தி வீட்டிலோ தெரிந்துவிடும் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. என் உறவினர் இன்னார் என்று நான் எழுதாததற்கும் இதுவே காரணம். அந்தச் செய்தி அவருடையது. சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர் உரிமை.

பயன் உண்டா? 2020-இல் காக்ரன் என்னும் உலக மருத்துவ ஆய்வுக் குழு, 10,565 பேரை உட்கொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, முறையாக ஏ.ஏ. கூட்டங்களோடு இணைக்கும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலான பலன் தந்தது என்று கண்டறிந்தது. செல்வோர் அனைவரும் வெல்வார்கள் என்பது இதன் பொருளன்று. ஒரு கூட்டம் பிடிக்கவில்லையென்றால் வேறொரு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அதுவும் ஒத்துவரவில்லையென்றால் மருத்துவரிடம் வேறு வழிகள் இருக்கின்றன.

மீண்டும் குடித்துவிட்டால்? இந்நோயில் சறுக்கல் புதிதன்று. சறுக்கியவரைக் கூட்டம் வெளியேற்றுவதில்லை. மீண்டும் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள், அவ்வளவே. "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்" என்று சொல்பவர் அங்கே எவரும் இல்லை. வீட்டிலும் அப்படி இருக்க முடிந்தால் நலம்.

வீட்டிலிருப்போருக்கும் ஒரு கூட்டம்

"அவர் வரமாட்டேன் என்கிறார், நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கும் வீடுகளே அதிகம். அவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 'அல்-அனான்' என்ற அமைப்பைத் தோழியர் ஒருவருடன் தொடங்கினார். 1957-இல் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு 'அல்-அட்டீன்' என்ற பிரிவு தோன்றியது. சென்னையிலும் அல்-அனான் கூட்டங்கள் நடைபெறுகின்றன.

குடிப்பவர் ஒருவர், நோய்வாய்ப்படுவது வீடு முழுவதும். மனைவி பாட்டிலை ஒளிக்கிறாள்; கடனை அடைக்கிறாள்; கணவனுக்குக் காய்ச்சல் என்று முதலாளியிடம் பொய் சொல்கிறாள். பிள்ளைகள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டே இன்றைய இரவு எப்படி இருக்கும் என்று கணிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பாடத்தில் மனம் செல்வது எங்ஙனம்? இக்குடியை நாம் உண்டாக்கவில்லை. நம்மால் அடக்கவும் இயலாது. ஆயினும் நம் வாழ்வை நாம் சீர்செய்துகொள்ள இயலும் என்பதே அங்கே கற்பது. அடி உதை இருக்கும் வீட்டில் முதலில் பாதுகாப்பு; பெண்களுக்கான உதவி எண் 181. அதையும் நினைவில் வையுங்கள்.

நாம் செய்யக்கூடியது

நம் மாநிலத்தில் மதுவிலக்கு 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது, 1948-இல் மாநிலம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடியும் நீங்கியது. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. கடைகளின் எண்ணிக்கை பற்றிய வாதம் தேர்தலுக்குத் தேர்தல் நடக்கிறது. அது நடக்கட்டும், தேவையானதே. ஆனால் கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், நோய்ப்பட்டவருக்கு இன்றிரவு அமர ஒரு நாற்காலி வேண்டும். அந்த நாற்காலி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். தெருவில் யாருக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமானாலும், வங்கியில் சீட்டு எழுத வேண்டுமானாலும், மருத்துவமனையில் எந்த அறை என்று கேட்க வேண்டுமானாலும் நம்மைத்தான் தேடி வருகிறார்கள். படித்த பிள்ளை என்ற அந்த மதிப்பை இதற்கும் பயன்படுத்துவோம். புறநோயாளர் பிரிவு எந்த நாள், எந்த நேரம் என்று விசாரித்து வைப்போம். அந்த இரண்டு உதவி எண்களையும் நம் விடுதியிலும் தெருவிலும் நான்கு பேருக்குச் சொல்லி வைப்போம். குடித்திருக்கும்போது வாதாடாமல், தெளிந்திருக்கும் காலைப்பொழுதில், பழிக்காமல், "ஒரு நாள் போய்ப் பார்த்து வரலாமா? நானும் வருகிறேன்" என்று கேட்போம்.

முதல்முறை மறுப்பார்கள். இரண்டாம் முறை கோபிப்பார்கள். எங்கள் வீட்டில் மூன்றாம் முறை கேட்டபோது பதில் ஒன்றும் வரவில்லை; சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இதை எழுதும் இன்று அவர் குடிக்கவில்லை. நாளையைப் பற்றி அவரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. இன்று மாலை கூட்டம் இருக்கிறது.